மாமாவின் கை இருக்கும் கல்லறைத் தோட்டம்

ஜெபா, நேசா, வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது நீங்கள் இருவரும் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. தட்டு கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். ஜெபா கேட்டது: "தேவா மாமா கடைசி நாள்ல எழுந்தா கையோட எழுந்துப்பாராப்பா, கை இல்லாமலா?" அவள் முடிப்பதற்குள் நேசன் கேட்டது: "அதெல்லாம் மனசு தேறுறதுக்குச் சொல்றதுதானேப்பா?" நான் பத்தாவதோடு நிறுத்திய மோட்டார் மெக்கானிக். பிரசங்கம் செய்யத் தெரியாது. மறுநாள் மாமா ஊருக்குப் போய்விட்டு ஈஸ்டர் சாயங்காலம் திரும்பினேன் அல்லவா, அங்கே நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் அதற்குள் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், மாமா வேலை செய்த இடத்தில், கார் பாகங்களுக்குத் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் அவருடைய வலது கையின்மேல் இறங்கியது. மணிக்கட்டோடு போயிற்று. ஒட்ட வைக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் கையை ஊருக்குக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் உங்கள் தாத்தாவின் பக்கத்தில் புதைத்தோம்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த ஊரில் ஈஸ்டர் ஆராதனை கோயிலுக்குள் தொடங்காது. விடியும் முன் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். மாமா வீட்டு ஆண் ஒருவர் கைமணியை அடித்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று கூப்பிட வேண்டும். மற்றவர்கள், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று பதில் சொல்வார்கள். தாத்தாவின் அப்பா கூப்பிட்டார், தாத்தா கூப்பிட்டார், பிறகு மாமா. இந்த வருஷம் கூப்பிட மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். கை போனதிலிருந்து கோயில் படியும் மிதிக்கவில்லை. ஸ்டெல்லா அத்தை வியாழக்கிழமை போனில் அழுதாள். "நீங்க வந்து பேசுங்கண்ணா. வேற யார் பேசினாலும் எழுந்து போயிடறாரு." உங்கள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. நான் கிளம்பினேன். மாமாவைக் கூப்பிட வைக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

சனி, மதியம் ஒரு மணி. மதுராந்தகத்தில் பஸ் ஏறினேன். செங்கல்பட்டுக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். ஏரிக்கரை தாண்டும்வரை உட்கார இடமில்லை. செங்கல்பட்டில் மின்சார ரயில், ஐந்து ரூபாய். பரனூர் அடுத்து சிங்கப்பெருமாள் கோவில். இறங்கியவர்களில் பாதிப் பேரின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள், "ஒரகடம், ஒரகடம்" என்று தோளைத் தொட்டே இழுத்தார்கள். ஒரகடம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், முப்பது ரூபாய்.

நான் ஏறிய ஆட்டோவில் ஆறு பேர். என் பக்கத்தில் நீல யூனிபார்ம் போட்ட ஒரு பெண், மடியில் டிபன் டப்பாவை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணா எறங்கணும்?" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்தபடி.

"ஒரகடத்துல இறங்கி வல்லம் வடகால் பக்கம் போகணும்." ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, கை பொதைச்ச ஊரு! அம்பது சேத்துக் குடுண்ணா, அங்கியே உட்டுடறேன்." பிறகு பின்னால் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "உயிரோட கீற ஆளுக்கு சிலுவை நட்ட ஊரும்மா அது. பேரெல்லாம் எழுதி கீது. அந்த ஆளு டெய்லி என் வண்டிலதான் டூட்டிக்குப் போறாரு!"

தூங்கிய பெண் விழித்துவிட்டாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. "உசுரோட இருக்கவங்களுக்கா? என்னண்ணே சொல்லுதீங்க?"

"கைக்கும்மா. கைக்கு மட்டும்."

"கைக்குப் போயி சிலுவையா!" அவள் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எந்த மிஷின்ல?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

சிலுவையில் பெயர் எழுதிய சங்கதி எனக்கே அப்போதுதான் தெரியும். கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரகடத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார். இரண்டு பக்கமும் நீள நீளமான மதில், புதுக்கார்கள் அடுக்கிய டிரெய்லர்கள், மதில் முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு துண்டு நெல்வயல், நாலு எருமை, மறுபடியும் மதில்.

"தப்பா நெனச்சுக்காதண்ணா," என்றார். "எங்க வூட்ல செத்தா எரிச்சுட்டு, சாம்பலைக் கரைச்சுட்டு தலை முழுகிடுவோம். நீங்க இன்னாடான்னா பொதைச்சு வெச்சு, வெள்ளையடிச்சு, பூ வெச்சுகினு... இன்னாத்துக்குண்ணா? இன்னாவோ காத்துகினு கீறா மாதிரியே கீது."

"காத்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றேன்.

"எதுக்கு?"

"அவங்க எழுந்திருக்கறதுக்கு."

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் ஹாரன் அடிக்காமலேயே ஒரு லாரியை முந்தினார். இறங்கும்போது, "அந்த ஆளாண்ட சொல்லுண்ணா. அவரு காத்துகினு கீறா மாதிரி தெரியல," என்றார்.

மாலை நாலரை. மாமா வீட்டின் பின்மதில்தான் ஒரு தொழிற்சாலையின் முன்மதில். உள்ளே நுழைந்ததும் மாமா எழுந்து வந்தார். பழைய நாளில் அவர் "ஸ்தோத்திரம் மாப்ள" என்று கை கொடுத்தால் என் விரல் எலும்பு நொறுங்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது இடது கையை நீட்டினார். நான் வலது கையை நீட்டிவிட்டேன். இரண்டும் கோணலாக இடித்துக்கொண்டன.

"பழகிடும்," என்றார். "கம்பெனி கேட்ல ஒக்காந்து உள்ளே வர்ற வண்டி நம்பரை மைக்ல சொல்ற வேலை குடுத்துகிறான். வாய்க்குக் கை வேணாம் பாரு. ஸ்டெல்லா அனுப்பிச்சு வந்தியா, தங்கச்சி அனுப்பிச்சு வந்தியா?"

"நானா வந்தேன்."

"அப்ப டீ குடி. வேற எதுவும் பேசாத."

டீயைக் கொண்டுவந்த அத்தை, "தோட்டத்துல எல்லாரும் வெள்ளையடிக்கறாங்க. தாத்தா கல்லறை பாக்கி கீது. ரெண்டு பேரும் பக்கெட்டைத் தூக்கிகினு வாங்க. அண்ணன் அந்தக் கூத்தையும் பாக்கட்டும்," என்றாள்.

ஐந்தரை மணி. கல்லறைத் தோட்டம் ஒரு ஏக்கருக்கும் குறைவு. மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் தார்ச்சாலை. எல்லாக் கல்லறைகளும் ஒரே திசையில் இருக்கின்றன: தலை மேற்கே, கால் கிழக்கே. எழுந்து நின்றால் விடிகிற பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்காக. அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு ஊரே எழுந்து நிற்கத் தயாராகப் படுத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தாத்தாவின் கல்லறைக்கு அருகில் ஒரு முழ நீளத்துக்குச் சின்ன மண்மேடு. தலைமாட்டில் இரும்புச் சிலுவை. அதில் பளீரென்ற மஞ்சள் எழுத்தில், "தேவசகாயம், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருந்தது.

நடந்தது இதுதான். கையைப் புதைத்த அன்று, சிலுவை செய்யச் சொல்லி ஊர்க்காரர் ஒருவர் பெயிண்டர் ராஜுவுக்கு போன் செய்திருக்கிறார். ராஜு தொழிற்சாலைத் தரையில் மஞ்சள் கோடு போடுகிறவன். ஷிப்டில் மிஷின் சத்தத்துக்கு நடுவே "தேவா அண்ணன், கல்லறை, சிலுவை" என்ற மூன்று வார்த்தை காதில் விழுந்திருக்கிறது. அழுதுகொண்டே எழுதிக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போய்விட்டான். கையைப் புதைத்த கையோடு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

ராஜு அடுத்த வரிசையில் தன் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. மாத்தி எழுதறேன்னு கால்ல விழாத கொறையா கெஞ்சறேன், வேணாங்கறாரு."

"கரெக்டாதானடா எழுதிகிற. எதுக்கு மாத்தணும்?" என்றார் மாமா.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. மணி அடிக்காதது மட்டும் அல்ல விஷயம். அவர் தன்னைச் செத்தவர்கள் வரிசையில் நிறுத்திவிட்டார்.

"மச்சான், காலைல நீ கூப்பிடணும்," என்றேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"மாட்டேன். ஆறுதல் சொல்ல வந்திருந்தா கெளம்பு மாப்ள. ஆஸ்பத்திரில கட்டிலைச் சுத்தி நின்னு நெறய பேர் சொல்லிட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் எழுந்தாரா, எழல்லியா? எங்கப்பா கத்தினாரு, நானும் கத்தினேன். கை இருந்தவரைக்கும் கேக்கத் தோணல. நெஜம்னா மணி அடிக்கலாம். நெஜம் இல்லன்னா, விடிகாலைல ஊரைக் கூட்டி வெச்சு, செத்தவங்க நடுவுல நின்னுகினு பொய் சொல்ல நான் ஆள் இல்ல."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். மாமா நம்பிக்கையை விட்டுவிட்டார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஊரில் அந்த வார்த்தையை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை. வருஷாவருஷம் பதில் சொல்கிற நாங்கள் எல்லோரும் பழக்கத்தில் சொல்கிறோம். அவர் கணக்குக் கேட்கிறார்.

"நீ சொல்றது சரிதான் மச்சான்," என்றேன். "நெஜம் இல்லன்னா மணியைப் பழைய இரும்புக் கடையில போட்டுடலாம். கோயிலையும் பூட்டிடலாம். ஒரு நல்லவரைப் பிடிச்சாங்க, அடிச்சாங்க, கொன்னாங்க, கொன்னவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான் கதை. அதுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். நான் விடவில்லை.

"ஆனா முதல்ல கல்லறைக்குப் போனவங்க யாரு? பொம்பளைங்க. பொணத்துக்குத் தைலம் பூசப் போனாங்க. எழுந்திருப்பார்னு ஒருத்தரும் நெனச்சுப் போகல. ஆம்பளைங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள பயந்து கிடந்தாங்க. கதை கட்டறவன் தன்னையே இவ்வளவு கேவலமாவா கட்டுவான்? அப்படிப் பயந்தவங்கதான் பின்னாடி தெருவுக்கு வந்து, பார்த்தோம், கூட உக்காந்து மீன் சாப்பிட்டோம்னு சொன்னாங்க. அடிச்சாலும் சொன்னாங்க, கொன்னாலும் சொன்னாங்க. பொய்யின்னு தனக்கே தெரிஞ்சதுக்காக எவன் சாவான்?"

"சரி. எழுந்தாருன்னே வெச்சுக்க," என்றார் மாமா. "எழுந்தப்போ அவரு கைல ஆணி ஓட்டைதான் இருந்திச்சு. எனக்குக் கையே இல்ல." முழங்கைக்குக் கீழே மடித்துவிட்ட சட்டையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

ஜெபா கேட்ட அதே கேள்வி. அவள் முன்னால் தட்டையாவது தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

அத்தை அதுவரை பேசாமல் தாத்தாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தாள். மட்டையை பக்கெட்டில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரில இன்னாத்துக்குய்யா அந்த ஆட்டம் ஆடுன?"

"நீ சும்மா இரு."

"இருக்க மாட்டேன். அண்ணா, மயக்கம் தெளிஞ்சதும் இவரு தண்ணி கேக்கல. என்னைக் கேக்கல, புள்ளையைக் கேக்கல. 'என் கை எங்கடி'ன்னாரு. கழிவோட சேத்து எரிச்சுடுவோம்னு சொன்னாங்க. 'அது கழிவு இல்ல, என் கை, குடு'ன்னு குளுக்கோஸ் பாட்டிலோட கட்டில்ல இருந்து எறங்கப் பாத்தாரு. நாலு பேரு புடிச்சோம். கையெழுத்து போட்டு வாங்கினு வந்து, அப்பா பக்கத்துல வைங்கன்னு சொன்னது யாரு? இதே ஆளுதான்." மாமா பக்கம் திரும்பினாள். "எழுந்திருக்காதுன்னு நெனச்சவன் எதுக்குய்யா கையைக் கேட்டு வாங்குவான்? ஊறுகா போடவா?"

ராஜு சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான். மாமா சிரிக்கவில்லை. குனிந்து அத்தை போட்ட மட்டையை இடது கையால் எடுத்து, தாத்தாவின் கல்லில் பூசத் தொடங்கினார். பாதிச் சுண்ணாம்பு அவர் காலில் வழிந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் விட்டிருக்கவும் மாட்டார்.

நான் அத்தை சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆத்துமா மேலே போகும், உடம்பு குப்பை என்று சொல்லிக்கொள்வது சுலபம். நம் விசுவாசம் அப்படிச் சொல்லவில்லை. லைனில் நின்ற கால், ஓவர்டைம் பார்த்துச் சிவந்த கண், தகடு தூக்கிய கை, எல்லாவற்றையும் கர்த்தர் தம்முடையது என்கிறார். தாம் எழுந்தபோது உடம்போடு எழுந்தார், காயத்தையும் விடாமல் எடுத்துக்கொண்டு எழுந்தார். அது நடக்கவில்லை என்றால் மாமாவின் கை கழிவுதான். நடந்தது என்றால் அது கழிவு இல்லை. நடுவில் ஒரு பதில் கிடையாது, நேசா. மனம் தேறுவதற்குச் சொல்கிற சொல்லாக இருந்தால் அது மாமாவிடம் ஒரு நிமிஷமும் நின்றிருக்காது.

ஞாயிறு, விடிகாலை நாலே முக்கால். எழுந்தபோது மாமாவின் பாய் காலியாக இருந்தது. அத்தையும் நானும் ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்கு நடந்தோம். ஐம்பது அறுபது பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். சிலர் யூனிபார்மோடு, ஆராதனை முடிந்து அப்படியே முதல் ஷிப்டுக்குப் போக. ஒவ்வொரு கல்லறை மேலும் மெழுகுவர்த்தி. மதிலுக்கு அந்தப்பக்கம் தொழிற்சாலை விளக்குகள் இரவெல்லாம் எரிவதால் அங்கே முழு இருட்டு என்பது இல்லை.

மாமா எல்லோருக்கும் பின்னால், தன் பெயர் எழுதிய சிலுவைக்குப் பக்கத்தில், ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி தாத்தாவின் கல்லறைமேல் இருந்தது. ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஜெபத்தை முடித்தார். ஆமென் சொன்னோம். அதற்கு அடுத்தது மணிதான். உபதேசியார் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாலையில் ஷிப்ட் பஸ் ஒன்று வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஒரு குழந்தை, "ஏம்மா அடிக்கல?" என்று கேட்டது.

அந்த வீட்டு மருமகன்தானே நான், யாரும் கூப்பிடவில்லை என்றால் நானே கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"மாப்ள."

நின்றேன்.

"இதக் கொஞ்சம் புடி," என்று மாமா தன் மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினார். ஒரு கையில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

நான் வாங்கிக்கொண்டேன். அவர் தாத்தாவின் கல்லறைக்குப் போய் இடது கையால் மணியை எடுத்தார். முதல் அடி சரியாக விழவில்லை, நாக்கு உரசிக் கரகரத்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது நன்றாக விழுந்தது. பிறகு மைக்கில் நாள் முழுக்க வண்டி நம்பர் சொல்லித் தேய்ந்த அந்தக் குரலில், கிழக்கே பார்த்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார்.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!"

நான் அந்தப் பதிலை நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அது பதிலாகவே இருந்தது, ஏனென்றால் ஒருவர் நிஜமாகவே கேட்டிருந்தார்.

விடிந்து டீ கொடுத்தபோது மாமா ராஜுவைக் கூப்பிட்டார். "டேய், அந்த ரெண்டாவது வரியை அழிச்சுடு. இப்போதைக்கு வேணாம்."

ராஜு முழித்தான். "அண்ணே, அது தரைக்கு அடிக்கற பெயிண்டுண்ணே. மேல போர்க் லிப்ட் ஓடினாலே போவாது. அடிச்சது சாமான்யத்துல போவாதே!" பிறகு தைரியம் வந்தவனாக, "நான் நித்திரைன்னுதானே எழுதினேன். செத்துட்டாருன்னா எழுதினேன்?" என்றான்.

மாமா அவன் முதுகில் ஒன்று வைத்தார். சிரித்தார். கை போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று அத்தை சொன்னாள்.

மதியம் இரண்டு மணி. மாமாவுக்கு இரண்டாம் ஷிப்ட். ஈஸ்டர் என்று கேட்டுக்கு லீவு கிடையாது. சாலை வரை வந்தார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். "ராத்திரில அந்தக் கை இன்னும் வலிக்குது மாப்ள, இல்லாத கை," என்றார். "அத இன்னா பண்றதுன்னு தெரியல." எனக்கும் தெரியவில்லை என்றேன். இடது கையை நீட்டினார். இந்தத் தடவை நானும் இடது கையை நீட்டினேன். பழைய நொறுக்கல் அந்தக் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. அவருடைய ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போனார்.

ஜெபா, உன் கேள்விக்கு என் பதில்: கையோடுதான் எழுவார். எப்படி என்று எனக்குத் தெரியாது. எழுந்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தெரியும். நேசா, உன் கேள்விக்கு என் பதில், 'இல்லை' என்பதுதான். மனம் தேறுவது அதிலிருந்து வரலாம். அதற்காகச் சொல்வது இல்லை. நம் மதுராந்தகம் கல்லறைத் தோட்டத்துக்கு நான் இதுவரை துக்கம் கேட்கிற முகத்தோடுதான் போயிருக்கிறேன். அடுத்த முறை உங்களையும் கூட்டிக்கொண்டு வேறு முகத்தோடு போகிறேன்.

மாமா போன பிறகு எனக்கு வண்டி வர நேரம் இருந்தது. திரும்பித் தோட்டத்துக்குள் போனேன். யாரும் இல்லை. மெழுகு உருகிக் கல்லில் காய்ந்து கிடந்தது. அந்த ஒரு முழ மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, என் வலது கையை மண்ணின்மேல் அழுத்தி வைத்தேன். வெயிலில் மண் சூடாக இருந்தது. கை சுடும்வரை எடுக்கவில்லை. "ஸ்தோத்திரம் மச்சான்," என்றேன். பிறகு எழுந்து, ஊருக்குக் கிளம்பும்போது எப்போதும் சொல்வதுபோல, "போயிட்டு வரேன்," என்று அந்தக் கையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.